ரத்தம் மறந்த ஊசி

கட்சால்
9 ஜனவரி 2024

மருமகள் அகிலாவுக்கு மாமா ஜம்புலிங்கம் எழுதுவது.

இங்கே நான் நலம், வலது காலைத் தவிர. அது என்னைவிட நலம். போன மாதத்தைவிட இன்னும் பருத்து, மெயின்லாண்டிலிருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த பெரிய அதிகாரி மாதிரி இருக்கிறது. போகிற இடத்துக்கெல்லாம் அதை மரியாதையாகக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு உன் கையெழுத்தைப் பார்த்தேன். உன் லேபிலிருந்து டாக்டருக்கு எழுதிய தாளின் அடியில், 'நோயாளி தமக்கு நடந்ததைத் தம் சொற்களில் எழுதவும்' என்று இருந்தது. 'மாமா' என்று போடவில்லை. இருந்தாலும் உன் 'ழ' எனக்குத் தெரியாதா? உன் அம்மா போட்ட அதே கொக்கி.

புது டாக்டர் பாலகுமார் தங்கமான ஆள். போர்ட் பிளேர் டெலானிபூரில் பிறந்தவர், தமிழில் தொடங்கி ஹிந்தியில் முடிப்பார். வந்த வாரமே என் வீடு தேடி வந்துவிட்டார். வராமல் இருக்க முடியுமா? ஆஸ்பத்திரியில் என் அட்டையில் 'பென்சிலின் ஆகாது' என்று சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறதே! இந்தத் தீவுக்கு மாற்றலாகி வருகிற எந்த டாக்டரும் முதலில் என்னைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. இங்கே ஜம்புலிங்கம் வீடு எது என்று கேட்டால் விழிப்பார்கள். பென்சிலின் மாமா வீடு என்று கேட்டால் நாய்கூட முன்னால் ஓடி வழிகாட்டும்.

அவர் சொல்வது இதுதான். என் காலில் இருப்பது யானைக்கால். இந்தப் பக்கத்துத் தீவுகளில் பகலிலேயே கடிக்கிற கொசு கொடுத்த பரிசு. அதோடு அடிக்கடி வருகிற காய்ச்சல்தான் மோசம். கால் சிவந்து, கொதித்து, நான் கட்டிலோடு கிடப்பேன். ஒவ்வொரு காய்ச்சலும் காலை இன்னும் கொஞ்சம் கெடுத்துவிட்டுப் போகிறதாம். மாதம் ஒரு பென்சிலின் ஊசி போட்டால் அந்தக் காய்ச்சல் அண்டாதாம். "மாமா, வேற மாத்திரை குடுத்தா உங்க வயிறு கேக்க மாட்டேங்குது. பென்சிலின் நிஜமாவே ஆகாதான்னு பார்த்துருவோம். டென்ஷன் மத் லோ" என்று, கவலை வேண்டாம் என்பதை ஹிந்தியில் சொன்னார். அதற்குத்தான் ரத்தம் எடுத்து, அதன் மேல் தெளிகிற நீரை மட்டும் பிரித்து, ஐஸில் வைத்து உன் லேபுக்கு அனுப்பினார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நான் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வெட்டுக்கத்தி முழங்காலில் இறங்கிவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். ஊசி முனை தோலைத் தொட்டதுதான் தாமதம், நான் தென்னை மரம் மாதிரி சாய்ந்தேன். ஊசி போட்ட நர்ஸம்மாவும் என்னைப் பார்த்த பயத்தில் மயங்கி விழுந்தாள். எங்கள் தொரை, ஒரு தொழிலாளியைத் தொட்டும் பார்க்காத மனுஷன், என்னைத் தன் கையால் தூக்கி ஜீப்பில் போட்டார். இதை எழுதிக்கொள்.

உன் அம்மா காரியத்துக்கு என்னால் வர முடியாமல் போனது உனக்கே தெரியும். கடல் அப்படி இருந்தது.

போனில் கூப்பிடாதே. இங்கே டவர் சரியில்லை. கடிதமே எழுது.

மாமா
ஜம்புலிங்கம்


சென்னை
20 பிப்ரவரி 2024

மாமாவுக்கு,

முதல் பரிசோதனையின் முடிவு வந்துவிட்டது. டாக்டருக்கு ஆங்கிலத்தில் போயிருக்கும். உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

பென்சிலினை எதிரி என்று எடுத்துக்கொண்ட உடம்பு, அதைப் பிடிப்பதற்கென்றே ஒரு பொருளைச் செய்து ரத்தத்தில் மிதக்கவிடும். சீரத்தில், அதாவது டாக்டர் பிரித்து அனுப்பிய அந்த நீரில், நாங்கள் தேடியது அதைத்தான். உங்களுடையதில் அது இல்லை.

உடனே ஊசி போட்டுக்கொள்ளக் கிளம்பிவிடாதீர்கள். இந்தப் பரிசோதனை 'இருக்கிறது' என்று சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். 'இல்லை' என்று சொன்னால் அவ்வளவாக நம்ப முடியாது. உண்மையாகவே ஒவ்வாமை உள்ள பலரை இது தவறவிடுகிறது. அதிலும் ஊசி போட்டுப் பல வருஷம் ஆகிவிட்டால் அந்தப் பொருள் மெல்ல மெல்ல வடிந்துபோகும்.

இன்னொரு பரிசோதனை இருக்கிறது. ரத்தத்தில் உள்ள ஒருவகை வெள்ளை அணுக்களை உயிரோடு வைத்து, அவற்றின் மேல் மருந்தை விட்டு, அவை சீறுகின்றனவா என்று கருவியில் பார்ப்பது. இந்த இரண்டில் எது நோயாளியைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது என்று ஒப்பிடுவதுதான் எங்கள் லேபில் இப்போது நடக்கிற ஆய்வு. இரண்டும் முடிந்ததும், டாக்டர்கள் பக்கத்தில் நிற்க, மருந்தையே துளித் துளியாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். கடைசித் தீர்ப்பு அதுதான்.

இரண்டாவது பரிசோதனைக்கு ரத்தம் எடுத்த அன்றே லேபுக்கு வர வேண்டும். நீங்கள் சொல்வீர்களே, வெட்டிய பால் மதியத்துக்குள் பேக்டரிக்கு வராவிட்டால் வாளியிலேயே உறைந்துபோகும் என்று. ரத்தமும் அப்படித்தான். கப்பலில் வர முடியாது. நீங்கள்தான் வர வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வேண்டும். ஊசி போட்டு எவ்வளவு நேரம் கழித்து, உடம்பில் என்ன வந்தது? நிமிஷங்களுக்குள் விழுந்தீர்கள் என்றால் அது உயிரை வாங்குகிற வகை. துளி மருந்து கொடுக்கவே எங்கள் டாக்டர் யோசிப்பார். மறுநாள், அதற்கு மறுநாள் தடிப்பு வந்தது என்றால் கதை வேறு. தொரையும் ஜீப்பும் எனக்கு வேண்டாம். நேரம் மட்டும் போதும்.

அம்மா காரியத்தன்று கடல் அமைதியாகத்தான் இருந்தது. கப்பல் கட்சாலிலிருந்து கிளம்பியது. ராஜசேகர் அண்ணன் அந்தக் கப்பலில்தான் வேலை செய்தார். அவர்தான் சொன்னார். அதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

அகிலா


கட்சால்
15 மார்ச் 2024

மருமகள் அகிலாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். படித்தது ஆறாவதுதான் என்றாலும் மூளை குறைச்சலில்லை. உன் ஆய்வு முழுவதும் எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டருக்குப் புரியாத இடத்தை நான்தான் விளக்கினேன். "மாமா, நீங்க பெரிய சயின்டிஸ்ட்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் வேகமாகப் போய்விட்டார்.

நீ கேட்டது நேரம். சொல்கிறேன். ஊசி போட்டார்கள். 'அம்மா' என்று சொல்ல வாயைத் திறந்தேன், வாய் மூடவில்லை. முகம் பலாப்பழம் மாதிரி வீங்கி, உன் அத்தை மீனாம்பாளே என்னை அடையாளம் தெரியாமல் "இந்த ஆள் யாருங்க, எங்க வீட்டுக்காரர் எங்க?" என்று கேட்டாள். இதயம் கால் மணி நேரம் நின்றுபோனது. கடற்படை ஹெலிகாப்டர் வந்து தோட்டத்து மைதானத்தில் இறங்கியது. இறங்கின காற்றில் ஆஸ்பத்திரியின் தகரம் இரண்டு பறந்தது. நேரம் என்று போட வேண்டுமானால் 'உடனே' என்று போட்டுக்கொள்.

நான் நேரில் வர வேண்டிய அவசியம் இல்லை. என் மூளைக்கு ஒரு வழி எட்டிவிட்டது.

பால் உறையாமல் இருக்க நாங்கள் என்ன செய்வோம்? மழைக்காலத்தில், தூரத்து மரங்களுக்குப் போனால், வாளியில் இரண்டு சொட்டு அமோனியா விடுவோம். பால் சாயங்காலம் வரைக்கும் அசையாமல் இருக்கும். லேபில் இத்தனை படித்தவர்கள் இருந்தும் யாருக்கும் இது தோன்றவில்லையே! பழைய அமோனியா கேன் ஒன்று என் வீட்டில் இருந்தது. நம் பொன்னுத்துரை, தோட்டத்து ஆஸ்பத்திரியில் அந்தக் காலத்தில் வார்டு பார்த்தவன், இன்னும் கை நடுங்காமல் ஊசி குத்துவான். அவனை வரவழைத்து ரத்தம் எடுக்கச் செய்தேன். "ஏலே ஜம்பு, டாக்டருக்குத் தெரிஞ்சா என்னைய ஜஹாஸ்ல ஏத்தி மெயின்லாண்டுக்கே விட்ருவாருடா" என்று புலம்பிக்கொண்டேதான் எடுத்தான். ஒரு குப்பி ரத்தம், ஒரு சொட்டு அமோனியா. கைப்பழக்கம், அளவு தப்பாது.

கப்பல் துறையில் யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, மேலே சூரை மீன் அடுக்கி, அடியில் குப்பியை வைத்தேன். ராஜசேகர் லீவில் சென்னை வருகிறான். போர்ட் பிளேர் வரைக்கும் கப்பல், அங்கிருந்து விமானம். மீனை நீ எடுத்துக்கொள். உனக்குச் சூரைப் புட்டு பிடிக்கும் என்று உன் அம்மா சொல்வாள்.

ரத்தத்தைப் பார்த்துவிட்டு எது ஜெயித்தது என்று எழுது. முதல் பரிசோதனையா, இரண்டாவதா. என் ஓட்டு இரண்டாவதுக்கு.

மாமா
ஜம்புலிங்கம்


சென்னை
4 ஏப்ரல் 2024

மாமா,

ராஜசேகர் அண்ணன் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். மீன் நன்றாக இருந்தது.

ரத்தத்தைப் பற்றி என்ன எழுதுவது? மூடியைத் திறந்ததும் லேப் முழுக்க ரப்பர் பேக்டரி வாடை. குப்பியில் இருந்தது ரத்தமே இல்லை, கஷாய நிறத்தில் ஏதோ நீர். அணு என்று ஒன்றுகூட முழுசாக மிஞ்சவில்லை. எங்கள் மேடம் மோந்து பார்த்துவிட்டு, "இது யாருடைய சாம்பிள்?" என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சிரிப்பை அடக்க முடியாமல் பாத்ரூமுக்குள் போனேன். போன இடத்தில் அழுதுவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

உங்கள் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் ஜீப், ஒன்றில் ஹெலிகாப்டர். ஒன்றில் நர்ஸ் மயங்குகிறார், ஒன்றில் அவரே இல்லை. அம்மா ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "உங்க மாமன் ஊசி போட்டு மூணாம் நாள் உடம்பெல்லாம் தடிச்சுப் போயி சொறிஞ்சுக்கிட்டுக் கெடந்தான். அவ்வளவுதான். அதுக்குப் போயி ராமாயணம் பாடுறான்."

மாமா, எது? எங்கள் டாக்டர் என்னைக் கேட்கிறார், 'உடனே' என்று போடட்டுமா, 'மூன்றாம் நாள்' என்று போடட்டுமா என்று. தவறாகப் போட்டால் ஒன்று உங்களுக்கு ஊசியே கிடைக்காது, இல்லாவிட்டால் ஊசியே உங்களைக் கொன்றுவிடும். விளையாட்டு இல்லை.

கடிதம் போய்ப் பதில் வரத் தாமதமாகும் என்று முதலில் போன் செய்தேன். எடுத்தீர்கள். "ஹலோ, ஹலோ, டவர் இல்லை" என்று கத்திவிட்டு வைத்துவிட்டீர்கள். உடனே உங்கள் ஆஸ்பத்திரி வசந்தகுமாரி சிஸ்டருக்குப் போட்டேன். உங்கள் வீட்டுக்கு எதிரே நின்றுதான் பேசினார். டவர் நன்றாக இருக்கிறதாம்.

அகிலா


கட்சால்
2 மே 2024

அகிலா,

டவர் நன்றாகத்தான் இருக்கிறது.

காதுதான் போய்விட்டது. ஒரே நாளில் போகவில்லை. முதலில் கொசுச் சத்தம் போனது, நல்லதுதானே என்று இருந்தேன். அப்புறம் மழை தகரத்தில் விழுவது. இப்போது எதிரே உட்கார்ந்து கத்தினால் பாதி கேட்கும். போனில் யார் பேசினாலும் தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. நீதான் கூப்பிட்டாய் என்று பெயரைப் பார்த்துத் தெரிந்தது. என்ன சொன்னாய் என்று தெரியவில்லை. அதனால் டவரைத் திட்டினேன். டவர் கோபித்துக்கொள்ளாது.

உன் கேள்விக்கு வருகிறேன். உன் கடிதம் வந்த அன்று மறுபடி கால் காய்ச்சல். நாலைந்து நாள் கட்டிலில் கிடந்தேன். கிடந்தபடியே அதையே யோசித்தேன். ஊசி போட்டார்கள், அது நிச்சயம். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கண்ணை மூடினால், தொரை வருகிறார், ஜீப் வருகிறது, மீனாம்பாள் தலைமாட்டில் அழுகிறாள். இதில் எது நடந்தது, எது நான் சேர்த்தது?

ஹெலிகாப்டர் நான் சேர்த்தது. அது நிச்சயமாகத் தெரியும். எப்போது சேர்த்தேன் என்றும் தெரியும். சுனாமி அலை வந்து எல்லாம் போன பிறகு, தகரக் கொட்டகையில் நாமெல்லாம் படுத்துக்கிடந்தோமே, அப்போது நீ சின்னப் பிள்ளை. சாப்பாடு போட ஹெலிகாப்டர் வரும். அது போனதும் அழுவாய். உன் அழுகையை நிறுத்த என் கதைக்குள் அதை இறக்கினேன். தகரம் பறந்தது என்றதும் சிரித்தாய். அதற்கப்புறம் அதை வெளியே எடுக்கவே இல்லை.

மற்றது தெரியவில்லை, மருமகளே. ஒவ்வொரு டாக்டருக்கும் சொல்லிச் சொல்லி, சொன்னதுதான் இப்போது ஞாபகத்தில் இருக்கிறது. நடந்தது அதற்கு அடியில் எங்கோ போய்விட்டது. முன்பெல்லாம் நான் ஜீப் என்று ஆரம்பித்தால் மீனாம்பாள் அடுப்படியிலிருந்து, "எந்த ஜீப்பு? நடந்துதானே வந்தீங்க?" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவள் அலையோடு போன பிறகு உன் அம்மா இருந்தாள். இருந்த தூரத்திலிருந்து கடிதத்திலேயே, "டேய் புளுகா" என்று ஆரம்பிப்பாள். இப்போது நான் என்ன சொன்னாலும் மறுப்பதற்கு யாரும் இல்லை. இங்கேயுள்ளவர்கள் தலையாட்டிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள்.

பொன்னுத்துரை அன்றைக்கு வார்டில் இருந்தவன். அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன், "டேய், உண்மையைச் சொல்லு, அன்னைக்கு என்னடா நடந்துச்சு?" என்று. காதுக்குள் கத்தினான். "என்ன மாப்ளே இப்படிக் கேக்குற? ஹெலிகாப்டர் வந்துச்சே! அந்தச் சத்தம் இன்னைக்கும் என் காதுக்குள்ள இருக்கு." கண்ணில் தண்ணீரோடு சொல்கிறான். நான் அவனை என்ன செய்வது?

உன் அம்மா மூன்றாம் நாள் என்று சொன்னாள் என்றால் அப்படித்தான் இருக்கும். ஆனால் நான் அதைச் சத்தியம் பண்ண முடியாது. டாக்டரிடம் 'தெரியவில்லை' என்று போடச் சொல். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகச் சின்னப் பதில் இது.

ரத்தமாவது ஞாபகம் வைத்திருக்கும் என்று நினைத்தேன். அதுவும் வருஷம் போகப் போக மறந்துவிடும் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் உயிரோடு இருக்கிற அணுவைத்தான் கேட்க வேண்டும். வருகிறேன். அடுத்த கப்பலில் டாக்டர் இடம் போட்டுக் கொடுத்துவிட்டார். துறையில் வந்து நில். நான் உன் குரலைக் கேட்டு உன்னைக் கண்டுபிடிக்க முடியாது. கையை உயர்த்திக் காட்டு.

மாமா


சென்னை
8 ஜூலை 2024

அன்புள்ள மாமாவுக்கு,

பத்திரமாக ஊர் சேர்ந்தீர்கள் என்று சிஸ்டர் சொன்னார். நீங்கள் போன பிறகு வீட்டில், உங்களோடு பேச நான் எழுதிக் காட்டிய சிலேட்டு மட்டும் மேசைமேல் இருந்தது. கடைசியாக அதில் நான் எழுதியது 'மோரா காபியா'. இன்னும் அழிக்கவில்லை.

முழு முடிவும் தயார். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இனி வருகிற டாக்டர்களுக்குக் காட்ட வேண்டும். முதல் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில், உங்கள் அணுக்கள் வேறு பொருளுக்குச் சீறின, அதனால் அவை உயிரோடுதான் இருந்தன, பென்சிலினுக்குச் சும்மா இருந்தன. இரண்டும் சேர்ந்து சொன்னதையும் எங்கள் டாக்டர் நம்பவில்லை. சிலருக்கு இரண்டும் 'இல்லை' என்று சொல்லி, மருந்து உள்ளே போனதும் உடம்பு தடித்திருக்கிறது. அதனால்தான் உங்களை அன்று படுக்கையில் கட்டிப்போட்டு, நகத்தளவு மருந்திலிருந்து தொடங்கினோம். 'உடனே' என்று நீங்கள் எழுதியதையே உண்மை என்று வைத்துக்கொண்டு எல்லா ஏற்பாடும் செய்திருந்தோம். அதனால் உங்கள் ஹெலிகாப்டரும் வீண் போகவில்லை.

முழு அளவு உள்ளே போய் மாலை வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்போது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "ஒண்ணுமே ஆகலையா? நல்லாப் பாருங்க டாக்டர், முதுகுல ஏதாவது இருக்கும்" என்று சட்டையைத் தூக்கிக் காட்டினீர்கள். வார்டே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. மூன்று நாள் கழித்துத் தடிப்பு வருகிறதா என்று இங்கேயே வைத்துப் பார்த்தோம். அதுவும் வரவில்லை. ஆகவே பென்சிலின் உங்களுக்கு ஆகும். சிவப்பு மையை அடித்துவிடலாம்.

இரண்டு பரிசோதனையில் எது மேல் என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். உயிரணுப் பரிசோதனை இன்னும் சிலரைக் கூடுதலாகப் பிடிக்கிறது. ஆனால் ரத்தம் பயணம் செய்ய முடியாத இடங்களுக்கு அது உதவாது. கட்சால் மாதிரி இடங்களுக்கு என்ன வழி என்று ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். உங்கள் பெயர் வராது, ஆய்வில் யார் பெயரும் வரக் கூடாது. அமோனியாவைப் பற்றியும் எழுதவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். துறையில் நீங்கள் இறங்கியபோது, ராஜசேகர் அண்ணன் ஒரு பக்கமும் இன்னொருவர் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று வந்தீர்கள். வேட்டியைத் தழைத்துக் கட்டி அந்தக் காலை மறைத்திருந்தீர்கள். காய்ச்சல் இல்லாத நாளிலேயே அப்படி. அம்மா காரியத்துக்கு ஏன் வரவில்லை என்று நான் இனிமேல் கேட்க மாட்டேன். கடல் அன்று கொந்தளிப்பாகத்தான் இருந்தது மாமா.

கூட ஒரு தாள் வைத்திருக்கிறேன். ஊசி போட வருகிற சிஸ்டருக்கான குறிப்பு. அதைத் தவறாமல் கொடுத்துவிடுங்கள். காது மெஷினும் பார்சலில் வருகிறது.

அகிலா


கட்சால்
25 ஆகஸ்ட் 2024

என் மருமகள் அகிலாவுக்கு மாமா எழுதுவது.

இரண்டு ஊசி ஆகிவிட்டது. காய்ச்சல் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கால் அதிகாரி பதவியிலிருந்து இறங்கவில்லை, ஆனால் கிளார்க் அளவுக்குப் பணிவு வந்திருக்கிறது. துறை வரைக்கும் நடந்து போய் வருகிறேன்.

காது மெஷினைப் போட்டுப் பார்த்தேன். கடல் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்கிறது. இத்தனை நாள் அது பக்கத்திலேயேதான் கத்திக்கொண்டு இருந்திருக்கிறது. வீட்டுக்குள் வேறு சத்தம் இல்லாததால் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டேன். ஆள் வருகிற அன்று போடுவேன்.

டாக்டர் என் அட்டையை எடுத்து, சிவப்பு எழுத்தின் மேல் நீல மையில் ஒரு கோடு இழுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கோடு இழுக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. "முபாரக் மாமா" என்று வாழ்த்திக் கை கொடுத்தார். நானும் சிரித்தேன். வெளியே வந்து கொஞ்ச நேரம் ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வருஷம் வேறு டாக்டர் வருவார். அவர் என் வீடு தேடி வருவதற்கு இனி ஒரு காரணமும் இல்லை. தெருவில் இன்னும் பென்சிலின் மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஏன் அந்தப் பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டால், மாதாமாதம் பென்சிலின் போட்டுக்கொள்கிற மாமா என்று சொல்கிறார்களாம். அதில் என்ன பெருமை இருக்கிறது?

உன் தாளைச் சிஸ்டரிடம் கொடுத்தேன். வசந்தகுமாரி அதை இரண்டு தரம் படித்தாள். ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் நோயாளியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், அந்த நேரம் முழுவதும் அவரைப் பேசவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், பேச்சில் ஏதாவது மாற்றம் தெரிகிறதா என்று கவனிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாயாம். அவள் போய் டாக்டரைக் கேட்டிருக்கிறாள். நான் மெஷின் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அரை மணி போதுமே சிஸ்டர். பேசவிட்டுக்கிட்டே இருக்கணும்னு எந்தக் கிதாப்ல, எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"மெட்ராஸ் லேப்ல எழுதியிருக்கு சார். கையெழுத்தெல்லாம் போட்டிருக்கு."

"அப்போ செய்ங்க. அங்க ஏதோ காரணம் இருக்கும்."

கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஆனால் எனக்குத் தெரியாதா, அகிலா? ஒரு ஜீப்பை ஹெலிகாப்டராக மாற்றியவனுக்கு, அரை மணியை ஒரு மணியாக மாற்றினவளை அடையாளம் தெரியாதா? உன் அம்மாவுக்கு இந்தப் புத்தி சுத்தமாகக் கிடையாது. அவள் உள்ளதை உள்ளபடி சொல்லி ஊரைப் பகைத்துக்கொண்டவள். இது என்னிடமிருந்து வந்தது. இதைக் கண்டுபிடிக்க உன் லேபில் எந்தப் பரிசோதனையும் வேண்டாம்.

போன வாரம் சிஸ்டர் ஊசி போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். "சொல்லுங்க மாமா, பேசிட்டே இருக்கணுமாம். அந்தப் பழைய ஊசிக் கதையையே சொல்லுங்க" என்றாள். உன் கடிதத்தை நினைத்துக்கொண்டேன். உள்ளதைச் சொல்வோம் என்று முடிவு செய்தேன். முழங்காலில் கத்தி பட்டது, ஊசி போட்டார்கள், வீட்டுக்கு நடந்து வந்தேன், மூன்றாம் நாள் உடம்பு தடித்தது, சொறிந்துகொண்டு கிடந்தேன், மீனாம்பாள் வேப்பிலை அரைத்துப் பூசினாள், சரியாகிவிட்டது என்றேன்.

சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? தேநீர்கூட ஆறவில்லை. அவள் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். வாசல் பக்கம் பார்த்தாள். ஒரு மணி நேரத்தில் பெரும் பகுதி இன்னும் அப்படியே இருந்தது.

வேறு வழி தெரியவில்லை, மருமகளே. "இரு சிஸ்டர், அதுக்கப்புறம்தான் விஷயமே இருக்கு" என்றேன். மைதானத்தின் மேலே, தூரத்தில், ஹெலிகாப்டர் வந்துகொண்டிருந்தது.

மாமா
ஜம்புலிங்கம்